முற்றத்தில் நடந்த போர்

ஒன்பது மாதப் போருக்குப்பின் 1971ஆம் ஆண்டு வங்காளதேசம் தனிநாடானது. அந்தப் போரைப் பற்றி வங்காள மொழியில் பல நாவல்கள் எழுந்தன. அவற்றுள் செலினா ஹொசைன் எழுதிய 'ஹாங்கோர் நதி கிரெனேட்' தனித்து நிற்கிறது. 'சுறா, ஆறு, கையெறிகுண்டு' என்பது அப்பெயரின் பொருள். பெயரில் குண்டு இருந்தாலும், கதை போர்முனைக்குச் செல்வதில்லை. பெரும்பாலும் ஒரு சிற்றூர் வீட்டிலேயே நடக்கிறது.

செலினா 1947இல் ராஜ்ஷாஹியில் பிறந்தார். ராஜ்ஷாஹி பல்கலைக்கழகத்தில் வங்காள இலக்கியம் பயின்ற அவர், 1970 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டாக்காவின் பங்களா அகாடமியில் பணியாற்றினார். அலுவலகத்தில் பணி செய்துகொண்டே நாவல்களையும் சிறுகதைகளையும் எழுதிக் குவித்தார்.

போர்க்காலத்தில் நடந்ததாக அவர் கேள்வியுற்ற ஓர் உண்மை நிகழ்ச்சியே 1976இல் இந்த நாவலாக வெளிவந்தது. கதையின் தலைவி புரி. 'கிழவி' எனப் பொருள்படும் அப்பெயர் சிறுவயதிலேயே அவளுக்கு அமைந்துவிட்டது. ஊருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியத் துடிக்கும் அவளை, வயதில் மிகவும் மூத்த ஒருவருக்கு மணம் முடிக்கின்றனர். நெடுநாள் ஏக்கத்திற்குப்பின் பிறந்த ஒரே மகன் ரயீஸ், காது கேளாதவன், வாய் பேசாதவன். போர் மூள்கிறது. ஒரு நாள், இராணுவத்தினர் துரத்திவர, விடுதலைப் போராளிகள் இருவர் அவள் வீட்டில் அடைக்கலம் புகுகின்றனர். அவர்களைக் காப்பாற்ற, ரயீஸின் கையில் துப்பாக்கியைத் திணித்துப் படைவீரர்கள்முன் தள்ளிவிடுகிறாள் புரி. அவனே போராளி என்று எண்ணிய வீரர்கள் அவனைச் சுட்டுக் கொல்கின்றனர்.

அவள் செய்தது தியாகமா? நடப்பது இன்னதென்று அறியாத பிள்ளைக்கு இழைத்த கொடுமையா? நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லால் இக்கேள்வியை எளிதில் மூடிவிட முடியாது. புரியின் ஆசை, தனிமை, தாய்மை ஆகியவற்றை நிதானமாகச் சொல்லி வந்ததால்தான் அந்த ஒரு நொடி நம் நெஞ்சை உலுக்குகிறது. இதுவே செலினாவின் நடை. வரலாற்றைத் தலைவர்களின் வாயிலாக அன்றி, எளிய மக்களின் அன்றாட வாழ்வின் வழியாக அவர் காட்டுகிறார். 'போகா மாகோரேர் கோர் போஷொதி' என்னும் மற்றொரு நாவலில் கடலோர மீனவர்களின் பாடுகளைக் காண்கிறோம்.

புரியின் கதை 1997இல் திரைப்படமாகவும் வந்தது. மறு ஆண்டே செலினாவின் வாழ்வில் பேரிடி விழுந்தது. விமானியான அவருடைய மகள் லாரா விமான விபத்தில் உயிரிழந்தார். பிள்ளையை இழந்த தாயைக் கற்பனையில் படைத்தவர், பின்னர்த் தம் மகளின் பெயரையே தலைப்பாக்கி 'லாரா' என்றொரு நாவலை எழுதினார்.