வேலை போனவரிடம் காசு வாங்கக் கூடாது

புதுத் தொழில் தொடங்குவோம் – 17

ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். சொந்தபந்தம் வந்து திண்ணையில் உட்காரும். காரியம் முடியும்வரை எதை எப்போது செய்வது என்று சொல்லித்தரப் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார். வேலை போன வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வேலை போனவரும் வெளியே சொல்வதில்லை. காலையில் குளித்து, பையை மாட்டிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நூலகத்திலோ காபிக் கடையிலோ பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள். மனைவிக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, தங்கைக்கு வரன் பார்க்கும் தரகருக்குத் தெரியவே கூடாது.

இந்த மனிதருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை துணை நிற்பதையே ஒரு தொழிலாக நடத்த முடியுமா? 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள்தான் அதில் அதிகம். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி நம் ஊரிலும் அடிக்கடி எழுகிறது. முடியும் என்பதே என் பதில். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இதற்கான பணம் வேலை போனவரின் பையிலிருந்து வரக் கூடாது.

அமெரிக்காவில் அவுட்பிளேஸ்மென்ட் என்ற பெயரில் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேட வழிகாட்டியதில் அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1960களில் சிகாகோவில் ஜேம்ஸ் சேலஞ்சர் தொடங்கிய நிறுவனம் கட்டணத்தை ஆளை அனுப்பும் கம்பெனியிடம் கேட்டது. 'நீங்கள் வெளியே அனுப்புகிறீர்கள், அவர் அடுத்த வேலையில் உட்காரும்வரை ஆகும் செலவு உங்களுடையது' என்பதுதான் கணக்கு. தொழில் நிலைத்தது இந்தக் கணக்கில்தான். மறுபக்கம், வேலை தேடுபவரிடமே ஆயிரக்கணக்கான டாலரை முன்பணமாக வாங்கிய ஆலோசனை நிறுவனங்களும் அங்கே இருந்தன. அவற்றில் சில, ஏமாற்றியதாக வழக்குகளைச் சந்தித்தன.

நம் ஊரில் அந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சமே இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முதல் மாதச் சம்பளத்தில் பங்கு, 'பேக்டோர்' வேலைக்கு இரண்டு லட்சம் என்று கேட்கிறார்கள். இஎம்ஐ கட்ட முடியாமல் நகையை அடகு வைத்திருப்பவரிடம் இதைக் கேட்பது பாவம். பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், கேட்ட பணத்தையும் கொடுப்பார். அதனாலேயே அவரிடம் வாங்கக் கூடாது.

சரி, கம்பெனி எதற்காகக் கொடுக்கும்? இரக்கத்தை நம்பித் தொழில் தொடங்க முடியாது. நோக்கியாவின் கதையைப் பாருங்கள்.

2008 ஜனவரியில் ஜெர்மனியின் போக்கும் நகரில் இருந்த தன் ஆலையை மூடப்போவதாக நோக்கியா திடீரென்று அறிவித்தது. 2,300 வேலைகள் போயின. தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசியல்வாதிகள் தங்கள் நோக்கியா போன்களை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். மக்கள் அந்த போனை வாங்காதீர்கள் என்றார்கள். வேலை இழந்தவர்களுக்கான ஈட்டுத்தொகை மட்டும் 20 கோடி யூரோ, அதாவது ஆளுக்கு 80,000 யூரோவுக்கு மேல். கெட்ட பெயரால் போன விற்பனை தனி. அவ்வளவு பணத்தைக் கொட்டியும் கம்பெனிக்கு மிஞ்சியது வசவுதான்.

2011இல் அதைவிடப் பெரிய ஆட்குறைப்பு வந்தது. இம்முறை நோக்கியா 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தோடு வந்தது. 13 நாடுகளில் 18,000 பேர் அதற்குள் வந்தார்கள். கம்பெனிக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதுப் படிப்பு, இவற்றில் சேராத தனி வழி என்று ஐந்தை முன்வைத்தார்கள். சொந்தத் தொழில் தொடங்க ஒருவருக்கு 25,000 யூரோ வரை கொடுத்தார்கள். ஏறத்தாழ 1,000 புது நிறுவனங்கள் பிறந்தன. போன் மென்பொருள் செய்த யோல்லாவும் அவற்றில் ஒன்று. வேலை முடிந்த கடைசி நாளில், அடுத்து என்ன என்று 60 விழுக்காட்டினருக்குத் தெரிந்திருந்தது. மொத்தச் செலவு 5 கோடி யூரோ. தலைக்கு 2,800 யூரோ அளவில்தான் வருகிறது.

எந்த மனிதவள அதிகாரியைப் பார்க்கப் போனாலும் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வெளியே போகிறவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த ஆண்டு கேம்பஸில் உட்காரப்போகும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இதைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

நோக்கியா என்றதும் நமக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வராமல் இருக்காது. 2006இல் உற்பத்தி தொடங்கி, உச்சத்தில் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த ஆலை அது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறினால் 2014 ஏப்ரலில் அதன் கைக்கு இந்த ஆலை போக முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோன இளம்பெண்கள் அங்கே ஏராளம். வீட்டில் முதன்முதலாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கும் மாதச் சம்பளமும் கண்ட தலைமுறை. பின்லாந்துப் பொறியாளருக்கு உதவிய ஐந்து வழிகள் இந்தப் பெண்ணுக்கு அப்படியே உதவாது. ரெஸ்யூமை மெருகேற்றிக் கொடுத்தால் அவளுக்கு என்ன லாபம்? அவள் கற்ற கைவேலைக்கு ஒரு சான்றிதழ், பக்கத்துச் சிப்காட்டில் ஆள் எடுக்கும் ஆலைகளின் பட்டியல், போய்வரப் பாதுகாப்பான பஸ், 'வேலைதான் போச்சே, கல்யாணத்தை முடிச்சிடலாம்' என்று அவசரப்படும் வீட்டாரோடு உட்கார்ந்து பேச ஒரு அக்கா, இவைதான் அவளுக்கு வேண்டியவை. இந்தத் தொழிலைத் தமிழ்நாட்டில் தொடங்குபவர் ஐடி கம்பெனிகள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையிலேயே நின்றுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, என்ன செய்து கொடுக்கப் போகிறோம் என்பதைப் பார்ப்போம்.

வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நூற்பாலை மூடப்பட்டதும் மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். 1933இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் வாசிக்கப்படுகிறது. கை நிறைய நேரம் இருந்தும் ஊர்க்காரர்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. நடக்கும் வேகத்தைக்கூட அளந்து பார்த்தார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்களுக்கு அடுப்படி வேலை ஓயவில்லை, அதனால் அவர்களுடைய நாள் குலையவில்லை. சம்பளத்தோடு நேர ஒழுங்கும் நாலு பேர் பழக்கமும் 'நான் இன்னார்' என்ற அடையாளமும் போய்விடுகின்றன என்று யகோடா பின்னாளில் விரிவாக எழுதினார். அந்தக் குழு வெறுமனே கேள்வி கேட்டுக்கொண்டு ஊரைச் சுற்றவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. துணி திரட்டிக் கொடுத்தார்கள், மருத்துவரைக் கூட்டிவந்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள்.

ஆகவே நம் தொழிலுக்கு முதல் தேவை ஓர் இடம். காலை பத்து மணிக்குச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போய் உட்கார ஒரு நாற்காலி, மேசை, வைஃபை, டீ. அங்கே அதே நிலையில் இன்னும் பத்துப் பேர். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் அந்த டீ நேரத்தில்தான் கைமாறும்.

இரண்டாவது, பயிற்சி. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களில் உருவாக்கிய 'ஜாப்ஸ்' என்ற பயிற்சி இருக்கிறது. ஐந்து அரைநாள், ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர், இரண்டு பயிற்றுநர்கள். தன் திறமையைத் தானே கண்டுகொள்வது, அறிமுகமானவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்பது, நேர்காணலை நடித்துப் பார்ப்பது, இவற்றோடு நிராகரிப்பு வரும்போது என்ன செய்வது என்பதற்கும் முன்கூட்டியே தயார்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெற்றவர்களுக்கு நல்ல வேலை கிடைத்தது, மனச்சோர்வும் குறைந்தது. ஏற்கெனவே மனம் துவண்டிருந்தவர்களுக்கே பலன் அதிகம். பின்லாந்து இதைத் தன் நாட்டுக்கு ஏற்ப மாற்றி நடத்தியது. தமிழில், நம் குடும்பச் சூழலுக்கு ஏற்ப இதைச் செய்பவருக்குக் களம் காத்திருக்கிறது.

ஜேம்ஸ் பென்னபேக்கரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். வேலை இழந்த தொழில்முறையாளர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றி மனதில் உள்ளதையெல்லாம் சில நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பம் போட்டுவிடவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஆத்திரத்தை நேர்காணல் அறைக்குள் கொண்டுபோகவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, யாரும் படிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி. இதற்கு முதலீடு என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது?

மூன்றாவது, காகிதங்கள். முதல் வாரத்தில் மனிதரை அலைக்கழிப்பது இவைதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கினாலும் அவரே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளில் கொடுத்தாக வேண்டும். தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்பில் போகும் தொழிலாளிக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை ஈடாகத் தரச் சொல்கிறது. அதோடு மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் யார் 'தொழிலாளி' என்பதில்தான் சண்டையே. ஐடி ஊழியர் விஷயத்தில் அது இன்னும் இழுபறி. அதனால் ஒரு தொழிலாளர் நல வழக்கறிஞரும் ஒரு ஆடிட்டரும் வாரம் ஒருநாளாவது உங்கள் இடத்தில் உட்கார வேண்டும். பிஎஃப், கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் எல்லாம் அவர்கள் பார்வைக்குப் போக வேண்டும். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வயதான அப்பா அம்மாவை அந்தக் காப்பீட்டில் சேர்த்திருப்பவருக்கு இந்த ஒரு தகவலே பெரிய ஆறுதல்.

இவ்வளவும் நேர்மையாக நடக்க வேண்டுமானால் கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில் சில வரிகளை விட்டுக்கொடுக்கவே கூடாது. பணம் கொடுப்பது கம்பெனி, நாம் துணை நிற்பது ஊழியருக்கு; இந்த இழுபறி எப்போதும் இருக்கும். அவர் நம்மிடம் பேசியது எதுவும் கம்பெனிக்குப் போகாது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போகும். வருவதும் வராததும் அவர் விருப்பம். எல்லாவற்றையும்விட முக்கியம், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் அறைக்குள் நம் ஆள் உட்கார மாட்டார். 'நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன்' என்று மிரட்டும் வழக்கம் இங்கே இருக்கிறது. அந்த மிரட்டலுக்கு இனிப்புத் தடவிக் கொடுக்கும் வேலையாக இந்தத் தொழில் மாறிவிட்டால் அதன் பிறகு ஒரு ஊழியரும் நம்மை நம்ப மாட்டார். அப்படிக் கேட்கும் கம்பெனியின் பணம் வேண்டாம்.

வருமானம் சீராக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்குறைப்பு அலையலையாக வரும், நல்ல காலத்தில் கல்லா காலியாக இருக்கும். மேலைநாட்டுப் பெரிய நிறுவனங்கள் பலவும் இதனால்தான் ஆள் தேர்வு நிறுவனங்களின் குடைக்குள் போயின. லீ ஹெக்ட் ஹாரிசன் இன்று அடெக்கோவுடையது. ஸ்வீடனில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். முதலாளிகள் அமைப்பும் ஊழியர் சங்கங்களும் சேர்ந்து 1974இல் டிஆர்ஆர் என்ற அமைப்பைத் தொடங்கின. வேலை இருக்கும் காலத்திலேயே சம்பளத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கம்பெனிகள் அதற்குக் கட்டி வருகின்றன. வேலை போகும் நாளில் ஆலோசகர் தயாராக இருக்கிறார். இது லாபத்துக்கு நடக்கும் தொழில் இல்லை. ஆனால் அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ ஒரு தொழிற்பேட்டைச் சங்கம், உறுப்பினர் கம்பெனிகளிடம் ஆண்டுச் சந்தா வாங்கி உங்களை அமர்த்திக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. நான் தொடங்குவதாக இருந்தால் முதலில் இந்தக் கதவைத்தான் தட்டுவேன்.

மன உளைச்சல் முற்றியவரை நீங்களே கையாள முயலாதீர்கள். தகுதி பெற்ற உளவியலாளர் ஒருவரோடு முன்பே பேசி வைத்திருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அந்த எண் உங்கள் சுவரில் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கட்டும்.

கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தின் மாதிரியையும் முதல் ஆண்டுச் செலவுக் கணக்கையும் அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை போன நாளில் உங்கள் கம்பெனி உங்கள் கையில் என்னென்ன கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது, முதல் மாதத்தில் உங்களுக்கு எது தேவையாக இருந்தது என்று எழுதுங்கள். கம்பெனி பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம்.