குளிர்மலையில் கொதிக்கும் டிரைவ்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். பக்கத்திலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். பகலிலும் ஸ்வெட்டர் கேட்கும் இந்தக் குளிரில் மோட்டார் டிரைவ் சூடேறி நின்றுபோகுமா? போகும்.

தேயிலை ஆலையில் பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று விட்டு வாட்டுவார்கள். கொழுந்தின் ஈரம் இறங்க இறங்கக் காற்றையும் குறைக்க வேண்டும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி விசிறியின் வேகத்தைக் குறைப்பது டிரைவின் வேலை. வேகம் 80 சதவீதமானால் மின்செலவு ஏறக்குறைய பாதி! ஆனால் டிரைவ் தானும் கொஞ்சம் தின்னும். 15 கிலோவாட் டிரைவில் 3 சதவீதம் வீணானால் 450 வாட். மூடிய பெட்டிக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி.

மலைக்காற்று மெலிந்தது, வெப்பத்தைக் குறைவாகவே சுமந்து போகும். 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமையில் 1 சதவீதம் குறைக்கச் சொல்வது தயாரிப்பாளர்களின் பொதுக் கணக்கு. இங்கே 6 சதவீதம். ஆனால் 40 டிகிரி சூழல் வெப்பத்தையும் தாங்கும்படி செய்த கருவிக்கு மலைக்குளிர் அதை ஈடுகட்டிவிடும். தேயிலையைச் சூட்டில் காயவைக்கும் உலர்த்தி அருகே மாட்டிய பெட்டிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. என் சந்தேகம் உயரத்தைவிடத் தேயிலைத் தூசின் மேல்தான். நுண்ணிய நார் டிரைவின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் அடைந்துகொண்டால், உள்விசிறி சுற்றியும் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, சூடானது டிரைவா மோட்டாரா என்பது. திரையில் வரும் குறியீடு அதைச் சொல்லும். டிரைவ் என்றால் விசிறி, வடிகட்டி, தூசு, தளர்ந்து கருகிய முனை. டிரைவ் மின்சாரத்தை மாற்றி மாற்றித் திறந்து மூடும் அதிர்வெண்ணை யாராவது கூட்டிவைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். குறைத்தால் மோட்டார் சற்று முனகும், வெப்பம் தணியும். மோட்டார் என்றால் மூன்று பேஸிலும் ஓடும் மின்னோட்டத்தை கிளாம்ப் மீட்டரில் ஒப்பிட வேண்டும். மெதுவாக ஓடும் உலர்த்திப் பட்டையின் மோட்டார் தனி ரகம்: சுமை குறையாது, தண்டிலேயே மாட்டிய குளிர்விசிறி மட்டும் மெதுவாகிவிடும். அதற்குத் தனி விசிறி பொருத்துவது ஒரு வழி.

மின்சாரத்தை அணைத்த உடனே பெட்டிக்குள் கை விடக்கூடாது. கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும்; எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ரீசெட் பட்டனை அமுக்கி ஓட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். ஆனால் அதனால் சூட்டின் காரணம் தீராது; வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. உள்விசிறியின் விலையோ டிரைவின் விலையில் ஒரு சிறு பங்கு.