வெள்ளிமலைக்கு எவ்வளவு தூரம்?

கோமுகி அணைக்கரையிலிருந்து ஒரு பருந்து வெள்ளிமலைக்குப் பறக்கிறது. அதே நேரத்தில் பக்கத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பேருந்தும் புறப்படுகிறது. போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான். ஆனாலும் பேருந்துக்குத்தான் வழி நீளம். ஏன்?

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் மேல் செங்குத்தாகச் சாலை போட்டால் ஏறும்போது எஞ்சின் திணறும். இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால் சரிவைக் குறைத்து, சாலையை நீட்டுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோமா? 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்படி சாலை இருக்கட்டும். 600 மீட்டர் உயரம் ஏற 600 × 20 = 12,000 மீட்டர், அதாவது 12 கிலோமீட்டர் சாலை வேண்டும்! அவ்வளவு நீளத்தையும் மலைச்சரிவிலேயே மடித்து அடக்கத்தான் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிரே வண்டி இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புவார். தூரம் கூடுகிறது, வேகம் குறைகிறது; பயண நேரம் இரண்டு வகையிலும் கூடுகிறது.

அப்படியானால் வளைவே இல்லாத வானத்தில்? பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கிருந்து மறுபடியும் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழல் விசிறிகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பாருங்கள்: 32 நிமிடம்தான் வருகிறது. ஆனால் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது.

மீதி நிமிடங்கள் எங்கே போயின? விமானம் ஓடுபாதைக்கு மெதுவாக உருண்டு போக வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் வராது. சென்னையை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, ஓடுபாதையின் திசைக்குத் திரும்பி, தன் முறை வந்த பிறகே இறங்க வேண்டும். எதிர்க்காற்று வீசினால் நேரம் கூடும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் குறையும்.

ஆகவே, 'எத்தனை கிலோமீட்டர்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எந்த வழி, எவ்வளவு நேரம்?' என்றும் கேளுங்கள். மலையூரில் பிரசவ வலி வந்த ஓர் அம்மாவை 108 ஆம்புலன்சில் கீழே கொண்டுவரும்போது இந்தக் கேள்விதான் முக்கியம். மருத்துவமனை எங்கே கட்டலாம், சாலை எங்கே போடலாம் என்று முடிவு செய்பவர்களும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்: மாவட்ட வரைபடத்தில் உங்கள் ஊருக்கும் அரசு மருத்துவமனைக்கும் இடையே உள்ள தூரத்தை நூலால் நேராக அளந்து பாருங்கள். பிறகு சாலையின் வளைவுகள் மேலேயே நூலை வைத்து அளந்து பாருங்கள். வரைபடத்தின் அளவுகோலால் இரண்டையும் கிலோமீட்டராக மாற்றுங்கள். அடுத்த முறை அங்கே போகும்போது ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மூன்றையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுங்கள்.