உங்கள் காணியில் சவண்டலை நிற்கிறதா?

நீண்ட காலத்தின் பின் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வளவெங்கும் பற்றை மூடியிருக்கும். துப்புரவாக்கும் அவசரத்தில் நிற்பதையெல்லாம் விறகென்று தறித்துவிட வேண்டாம். அவற்றுள் சவண்டலையும் இருக்கலாம். சிங்களத்தில் ஹல்மில்ல என்பது இதுவே. வெளிநாட்டு மர வியாபாரிகள் நமது துறைமுகத்தின் பெயரால் 'திருகோணமலை மரம்' என்று அழைத்ததும் இதைத்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

இலை: நீண்ட காம்புடன் இதய வடிவில் இருக்கும். காம்பு சேருமிடத்திலிருந்து பல நரம்புகள் விரிந்து செல்லும்.

பூ: சிறியது, வெள்ளை நிறம். கிளை நுனிகளில் பெரிய கொத்தாகப் பூக்கும்.

காய்: இதுவே உறுதியான அடையாளம். காயைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு இறகுகள் இருக்கும். விதையிலுள்ள சுணை தோலில் பட்டால் கடிக்கும், வெறுங்கையால் கசக்காதீர்கள்.

பூவரசின் இலையும் இதய வடிவமே. ஆனால் பூவரசம் பூ பெரியது, மஞ்சள் நிறமானது. காயில் இறகு இராது.

எதற்கு உதவும்?

சவண்டலைப் பலகை பாரமானது, உறுதியானது. அதேவேளை வளைந்து கொடுக்கும். அதனால் வள்ளம், வண்டி, பீப்பாய், கோடரிப் பிடி, வீட்டு வேலை என எல்லாவற்றுக்கும் விரும்பப்பட்டது. துறைமுகம் கட்டப்படாத காலத்தில் சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகளுக்கும் இங்கிருந்து இம்மரம் கப்பலேறியது.

வெட்டுவதற்கு முன்

1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. அரச காட்டில் அனுமதியின்றி மரம் தறிப்பது குற்றம். மரம் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும், தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் முன் உங்கள் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். எந்த அனுமதியைப் பிரதேச செயலகத்தில் பெறுவது, எதை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் பெறுவது என்று அவர் சொல்வார். தரகர் தரும் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. மரத்துடன் பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதே வரும்.

மரம் தேடி, கண்ணிவெடி அகற்றப்படாத பகுதிக்குள் போகவே வேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் குண்டுச் சிதறல்கள் புதைந்திருக்கலாம். வாள் பட்டால் ஆளுக்கு ஆபத்து. அரிபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலியோரம் சவண்டலைக் கன்று முளைத்திருந்தால் மாடு கடிக்காதபடி முள் அடைத்து விடுங்கள். உங்கள் பிள்ளைகள் வீடு கட்டும் நாளில் அது உதவும்.