பிள்ளை ஓடி விளையாடுகிறாள், இன்னும் எதற்கு மருந்து?



இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நம் அறக்கட்டளைக்கு வந்தார். பரோட்டாக் கடையில் மாஸ்டர். ஐந்து வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய். சென்னையில் சிகிச்சை தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் மஹல்லாவே திரண்டு நின்றது. ஜுமுஆவில் துஆச் செய்தார்கள், வசூல் செய்தும் கொடுத்தார்கள். இப்போது பிள்ளைக்கு முடி முளைத்துவிட்டது, தெருவில் ஓடி விளையாடுகிறாள். "அதான் சரியாயிருச்சே, இன்னும் எதுக்கு மெட்ராஸ்?" என்று ஊரில் கேட்கிறார்கள். கடனும் ஏறிவிட்டது. "இந்த மாசம் போகாட்டி என்ன காக்கா?" என்று அவர் நம் செயலாளரிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. நம் ஜமாஅத் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

இது என்ன நோய்?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் 'ஏ.எல்.எல்.' என்ற வகையே பெரும்பான்மை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள் முதிராமலே பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. விடாத காய்ச்சல், வெளிறிய முகம், கால் எலும்பில் வலி, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், கழுத்தில் நெறிக்கட்டு ஆகியவை இதன் அடையாளங்கள்.

இது தொற்றுநோய் அல்ல. பெற்றோரின் தவறால் வருவதும் அல்ல. ஆகவே உம்மாவின் மேல் பழி போடும் பேச்சை உறவினர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும்.

முழுச் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 விழுக்காட்டிற்கும் மேல் குணமடைவதாகவும், வறிய நாடுகளில் அது 30 விழுக்காட்டிற்கும் கீழே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும் சிகிச்சை வசதி இல்லாததும் இதற்குக் காரணங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது இன்னொரு பெரிய காரணம்.

ஏன் இரண்டு மூன்று ஆண்டுகள்?

முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் நோய் அணுக்கள் தென்படாமல் போய்விடும். முகம் தெளியும், பசி எடுக்கும். ஆனால் மஜ்ஜையிலும் மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் சில அணுக்கள் ஒளிந்திருக்கும். மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். திரும்பி வரும் நோயைக் குணப்படுத்துவது முன்னைவிடக் கடினம், செலவும் அதிகம். அதனால்தான் முதுகுத் தண்டில் ஊசி போடுகிறார்கள். அதனால்தான் தீவிர சிகிச்சைக்குப் பின்னும் மாத்திரையாகத் தொடர்கிறார்கள். மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

மாத்திரைக் காலத்தில் பொதுவாக மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறையும் தருவார்கள். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு, கொடுத்ததும் குறித்து வையுங்கள். தினசரி மாத்திரையில் நூற்றுக்கு 95 வேளைக்கும் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது, மாதத்தில் இரண்டு நாள் விடுவதுகூடச் சிறிய விஷயமல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. ஒரு தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். இரவானாலும் பெருநாளானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். நீங்களாக மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.

2. காய்ச்சிய தண்ணீர், நன்கு வெந்த சூடான உணவு கொடுங்கள். கந்தூரிச் சோறு, கடைத் தின்பண்டம் வேண்டாம். கருஞ்சீரகம், தேன், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆவும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கட்டும். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே.

3. சிகிச்சையில் இருக்கும் ஆண் பிள்ளைக்குக் கத்னா வைக்க அவசரப்பட வேண்டாம். இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் ஏற்படும் அபாயம் உண்டு. காலத்தை டாக்டர் சொல்வார். காது குத்துவதற்கும் தடுப்பூசிக்கும் இதே விதிதான்.

4. அம்மை கண்ட பிள்ளையோடு விளையாடியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

5. ஸ்டீராய்டு தரும் வாரங்களில் பிள்ளை ஓயாமல் பசி என்று அழும், காரணமின்றிக் கோபப்படும், முகம் உப்பும். மருந்துதான் இதற்குக் காரணம். அடிக்காதீர்கள்.

6. வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளையும் மறவாதீர்கள். "உம்மா எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்ற ஏக்கம் அவர்களுக்கு இருக்கும்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்யலாம்.

சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

ஆனால் காப்பீடு தராத செலவுகள் பல இருக்கின்றன. தங்கும் வாடகை, சாப்பாடு, ஆட்டோ, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இழப்பு என்று அவை சேரும். குடும்பத்தின் முதுகை ஒடிப்பது பெரும்பாலும் இவைதான். ஜகாத் பெற உரியவர்களென இறைமறை கூறும் எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் வறியவர்களும் கடனில் மூழ்கியவர்களும் அடங்குவர். பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இதைக் கருத்தில் கொள்ளட்டும்.

மஹல்லா செய்ய வேண்டியது

முதல் மாதத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மறந்துபோவதை விட, மாதம் ஒரு சிறு தொகையை முப்பது மாதம் தொடர்ந்து கொடுப்பது பிள்ளையைக் காப்பாற்றும். இளைஞர்கள் இரத்தம் கொடுக்கப் பெயர் தந்து வையுங்கள். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. எனவே பலர் முறை வைத்து வர வேண்டியிருக்கும். நோயாளியைப் பார்க்கப் போவது நம் மீதுள்ள கடமை. ஆனால் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போனில் நலம் விசாரித்தால் போதும். கூட்டமாகப் போய்ப் பிள்ளையை முத்தமிட வேண்டாம். ஊருக்கு வராத உம்மாவின் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு கொடுப்பதும் நலம் விசாரிப்பதில் சேர்ந்ததே.

அந்தச் சகோதரருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "இந்த மாசமும் போங்க. அடுத்த மாசமும் போங்க. டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் போங்க. பயணச் செலவை நாங்க பார்த்துக்கறோம், இன்ஷா அல்லாஹ்." அன்றிரவே வாப்பாவும் மகளும் ரயிலேறினார்கள்.

அந்த வாக்கை நிறைவேற்ற உங்கள் ஸதகாவும் ஜகாத்தும் வேண்டும். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதல் மாதம் கடந்த பிறகும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா?" என்று கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.