துணைக்கு நோய் முற்றும்போது

தணிப்புப் பராமரிப்பு என்பது கடும் நோயோடு வரும் வலி, மூச்சுமுட்டல், வாந்தி, தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைப்பதையே முதல் வேலையாகக் கொண்ட மருத்துவம். புற்றுநோயாளருக்கு மட்டுமன்றி, சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்தவர்கள் ஆகியோருக்கும் அது உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 5 கோடி 68 இலட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பதோ ஏறத்தாழ 14 வீதமானோருக்கே.

இலங்கையின் மூதூர்ப் பிரதேசத்திலுள்ள கிளிவெட்டி போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் பிந்தியே எழுகிறது. "இனி வீட்டுக்குக் கொண்டு போங்கோ" என்று வைத்தியசாலையில் சொன்ன பிறகுதான் கணவனோ மனைவியோ அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். தணிப்புப் பராமரிப்புக்குச் சம்மதிப்பது துணையைக் கைவிடுவதற்குச் சமம் என்ற எண்ணமே தாமதத்துக்கு முக்கிய காரணம். ஆனால் நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம், தொடங்குவதே நல்லது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு தணிப்புப் பராமரிப்பையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளுக்கு உட்பட்டவர்களும் அவர்களிடையே குறைவு. அப்படியிருந்தும் அவர்களது இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதமாக இருந்தது. மற்றவர்களுக்கு அது 8.9 மாதம்.

கிளிவெட்டிக்குத் தூரமே பெரிய இடைஞ்சல். கொட்டியாரக் குடாவைச் சுற்றித்தான் திருகோணமலைக்குப் போகவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்குள்ள நீர்த்துறையை மிதவைப் பாதையில் ஏறியே கடக்கவேண்டியிருந்தது. மூதூரிலிருந்து லாஞ்சில் போனவர்களும் உண்டு. இன்று தரைவழி இருக்கிறது. ஆனாலும் எலும்பில் புற்றுநோய் பரவிய ஒருவருக்கு வாகனத்தின் ஒவ்வொரு குலுக்கலும் வேதனை. திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கழிந்துவிடும். கூட வரும் துணையின் அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே அங்குள்ள நோயாளிக்குப் பெரிய கட்டடத்தைவிட இரண்டு விஷயங்களே அவசியம்: கையில் போதிய மருந்து, வாசலுக்கு வரும் தாதி.

வலி மருந்துகளில் முதன்மையானது மோர்பின். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலிக்கான வழிகாட்டி, அதை வாய்வழியாகவும் நேரம் தவறாமலும் கொடுக்கச் சொன்னது. சாதாரண மோர்பின் குளிசையின் பலன் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் நிற்கும். வலி வந்தபின் கொடுப்பதைவிட வருமுன் கொடுப்பது நல்லது. இரவில் எழுப்புவதற்கு மனம் வராமல் ஒரு வேளையைத் தவறவிட்டால் விடியற்காலையில் வலி மீறிவிடும். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கான மருந்தும் கூடவே வேண்டும். பழக்கமாகிவிடும், உயிரைக் குறுக்கிவிடும் என்ற பயத்தில் குளிசையைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பினால் அப்படி நேர்வது அரிது. அந்தப் பயத்தால் நோயாளி துடிப்பதுதான் உண்மையான இழப்பு. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மோர்பினின் கழிவு தேங்கும். அவர்களுக்கு வேறு மருந்தையோ குறைந்த அளவையோ வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

இலங்கை அரசு 2019 முதல் 2023 வரைக்கான தேசிய தணிப்புப் பராமரிப்புத் திட்டத்தை வெளியிட்டது. வைத்தியசாலையில் தொடங்கும் பராமரிப்பை வீடுவரை கொண்டுபோவது அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. அதில் பொதுச் சுகாதாரத் தாதியருக்கும் பங்கு இருந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் அந்தச் சேவை ஒரே அளவில் போய்ச் சேர்ந்துவிடவில்லை. எனவே வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் முன்பே சிலவற்றைக் கேட்டறிவது பயன்தரும்: மோர்பினை மூதூர் வைத்தியசாலையில் பெறமுடியுமா, இரவில் வலி கூடினால் யாரை அழைப்பது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து யாராவது வீட்டுக்கு வருவார்களா. அவசரத்துக்கு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு.

தாதியர் குறைவான இடத்தில் ஊரே முன்வரலாம் என்பதற்குக் கேரளம் சான்று. 1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றும் சிலரும் தொடங்கிய சங்கத்திலிருந்து, அயலவர் கூடிப் பராமரிக்கும் முறை வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் புண் கழுவினார்கள், அரிசி கொடுத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 2008இல் அது மாநில அரசின் கொள்கையானது. கோயில் திருவிழாவையும் செத்தவீட்டையும் கூடிச் செய்யும் கிளிவெட்டியில் இதுவும் கைகூடக்கூடியதே.

லண்டனில் 1967இல் முதல் நவீன தணிப்புப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடல்நோவோடு மனக்கவலை, குடும்பக் கவலை, பணக்கவலை எல்லாம் சேர்ந்ததே வலி என்று கற்பித்தார். அதனால்தான் நோயின் பெயரை மறைத்து வைப்பது பல வேளைகளில் பாதகமாகிறது. தன் நிலை அநேகமாக நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். கேட்க ஆளில்லாமல் தனியே பயப்படுவார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மெல்லக் கேட்கலாம். வயலின் கடன், பிள்ளையின் கல்யாணம், அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளர் பதிவு ஆகியவற்றை அவர் தெளிவாகப் பேசும் காலத்திலேயே முடித்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி.

பராமரிக்கும் துணையும் இந்தக் கவனிப்புக்கு உரியவரே. படுத்தவரைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இதனால் துணையின் தூக்கம் கெடும். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவரும் விழுந்துவிடுவார். இரவு முறையைப் பிள்ளைகளும் சகோதரங்களும் பகிர்ந்துகொள்வது மருந்தளவு முக்கியம். கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காமல் போவது நோயின் போக்கே. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். அப்போது உதட்டை நனைப்பதும் வாயைத் துடைப்பதும் போதும். மூச்சுமுட்டினால் தலையை உயர்த்தி, முகத்தில் மெல்லக் காற்றுப்பட விசிறினால் இதமாக இருக்கும்.

வீட்டில் உயிர் பிரிந்தால் பொலிஸ் விசாரணை வரும் என்ற அச்சத்தில் சிலர் கடைசி நேரத்தில் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். ஆனால் நோயால் வரும் இயற்கை மரணத்தைக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவரது அறிக்கையுடன் பதிவாளரிடம் பதியலாம். நோயைக் காட்டும் கிளினிக் கொப்பியும் வைத்தியசாலைத் துண்டுகளும் அதற்கு உதவும் என்பதால் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். மிஞ்சிய மோர்பின் குளிசைகளை வைத்தியசாலை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.