உள்ளே இருந்தா, வெளியே இருந்தா? கிரீன் கார்டுக்கு இரண்டு வாசல்கள்

அமெரிக்கக் கிரீன் கார்டு பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு "எத்தனை வருஷம் ஆகும்?" என்பதில்தான் போய் நிற்கும். கொஞ்ச நாளாக இந்தச் சட்டத்தைப் படித்துக் கொண்டிருந்ததில், எனக்கு இன்னொரு கேள்வி அதைவிட முக்கியமாகப் பட்டது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நாட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

வழி இரண்டு. முறையான விசாவில் உள்ளே இருப்பவர் ஐ-485 படிவம் போட்டு, அங்கே இருந்தபடியே நிரந்தரவாசி ஆகலாம். இதற்கு 'அட்ஜஸ்ட்மெண்ட் ஆஃப் ஸ்டேட்டஸ்' என்று பெயர். வெளியே இருப்பவர் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய், குடியேறும் விசா வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் மும்பையில் நடக்கும். கடைசியில் கிடைப்பது என்னவோ ஒரே கார்டுதான்.

முதல் வழி ஆரம்பத்தில் கிடையாது. 1930களில் உள்ளே இருந்தவர்களும் வெளியே போய்த்தான் விசா வாங்க வேண்டும். அதற்காக 1935-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதிகாரிகள் முதலிலேயே உள்ளே வைத்துப் பரிசோதித்து விடுவார்கள். பிறகு விண்ணப்பதாரர் கனடாவுக்குப் போய், அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கித் திரும்பி வருவார். கிட்டத்தட்ட ஒரு சடங்கு மாதிரி! 1952 குடிவரவுச் சட்டத்தின் 245-ஆம் பிரிவுதான் இந்த எல்லை தாண்டும் சடங்கு இல்லாமலே வேலையை முடிக்க வழி செய்தது.

சரி, உள்ளே இருப்பதால் என்ன லாபம்? ஐ-485 நிலுவையில் இருக்கும்போது வேலை செய்ய அனுமதி வாங்கலாம். வேலை வழியாக வருபவர், 180 நாள் கழிந்தால் அதே மாதிரியான வேறு வேலைக்கு மாறலாம். இது 2000-ல் வந்த சட்டம். இந்தியர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் அவர்கள் வரிசை மிக நீளம். வரிசையில் ஒரே தேதியோடு சென்னையில் காத்திருப்பவருக்கு இந்த இடைக்காலச் சலுகை எதுவும் இல்லை.

ஆனால் உள்ளே இருப்பவருக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. 'அட்வான்ஸ் பரோல்' அனுமதி இல்லாமல் வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 போன்ற சில விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

உண்மையான பொறி இருப்பது வேறு இடத்தில். 1996-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மறு வருஷம் ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அனுமதி இல்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருஷம் வர முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் 10 வருஷம். கவனிங்க, தங்கியிருக்கும்போது இந்தத் தடை விழாது, வெளியே கால் வைத்தவுடன்தான் விழும். எல்லையில் பரிசோதனை இல்லாமல் நுழைந்தவர், அமெரிக்கக் குடிமகளையே கல்யாணம் செய்திருந்தாலும், பொதுவாக உள்ளே இருந்து விண்ணப்பிக்க முடியாது. வெளியே போனாத்தான் விசா; ஆனா வெளியே போனா தடை. 2013-லிருந்து, புறப்படும் முன்பே இந்தத் தடைக்கு விலக்கு கேட்கும் வசதி வந்தது. அதற்கும் குடும்பத்தார் படப்போகும் கடும் கஷ்டத்தை நிரூபிக்க வேண்டும்.

விலக்கு கிடைத்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மூன்யோஸ் வழக்கைப் பாருங்கள். மனைவி அமெரிக்கக் குடிமகள், கணவர் எல் சால்வடோர்க்காரர். தடைக்கு விலக்கும் கிடைத்து, கணவர் நேர்காணலுக்காக சான் சால்வடோர் போனார். 2015 டிசம்பரில் விசா மறுக்கப்பட்டது. முதலில் காரணமே சொல்லவில்லை. சட்டப் பிரிவை மட்டும் காட்டினார்கள். பிறகுதான் குற்றக்கும்பல் தொடர்பு என்று அதிகாரிகள் நம்பியது தெரியவந்தது. அவர் அதை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் 6-க்கு 3 என்று அரசுத் தரப்பே வென்றது. தூதரக அதிகாரியின் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாகத் தோண்டிப் பார்ப்பதில்லை என்பது பழைய கோட்பாடு.

என் பார்வையில் இரண்டு வாசலுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இதுதான். உள்ளே இருப்பவரை மறுத்தால், அவரை வெளியேற்ற அரசு தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். அங்கே குடிவரவு நீதிபதி முன் அதே விண்ணப்பத்தை மறுபடி வைக்க இடமுண்டு. வெளியே இருப்பவரை மறுக்க, கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

அதற்காக "டூரிஸ்ட் விசாவில் போய் உள்ளே இருந்து போட்டுடலாமே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நுழையும்போது நோக்கத்தை மறைத்துப் பொய் சொன்னது நிரூபணமானால், அது ஆயுள் முழுக்கத் துரத்தும். உள்ளே இருக்கும் உறவினர் யாராவது "ஊருக்கு வந்து விசா எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னால், டிக்கெட் போடும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அனுமதி முடிந்த பிறகு எத்தனை நாள் தங்கியிருக்கிறீர்கள்? பதில் 180-ஐத் தாண்டினால், முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை.